நேரில் பார்த்ததாக ஒரு டிக்

விஞ்ஞானிகள் ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலே சேர்ந்து வேலை செய்வதற்காக உருவாக்கிய ஓர் இணையதளம் இருக்கிறது. அதன் விதிப்படி ஒரு பெண்மணியின் முகத்தை நேரில் பார்த்துச் சான்று அளிப்பதற்காக, எழுபத்து மூன்று வயதில், முழங்கால் வலித் தைலத்தோடு நான் கேரளத்துக்குப் புறப்பட்டேன். சென்னையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, குருவாயூருக்குப் போகிறேன் என்று மரியாதையாகப் பொய் சொல்லியிருக்கலாமே என்பதுபோலப் பார்த்தார்.

பணியில் இருந்த காலத்தில் நான் மழையைக் கணினியில் பெய்ய வைத்தவன். அதற்கு ஒரு நிறுவனத்தின் கணினிகள் போதா. பல நாட்டு நிறுவனங்கள் தங்கள் கணினிகளைக் கோத்துப் பொதுவில் வைத்திருந்தன. அதற்குக் கிரிட் என்று பெயர். யாருடைய கணினி சும்மா இருக்கிறதோ அது மற்றவருடைய கணக்கைப் போடும். எங்கள் இணையதளம் அதற்கு மேல் கட்டிய ஊர்ப்பொது மண்டபம். பேச ஒரு பக்கம், எழுத ஒரு பக்கம், அடுத்தவர் எழுதியதைத் திருத்த ஒரு பக்கம். ஒருவர் காற்புள்ளி போட்டால் முந்நூறு பேருக்கு மின்னஞ்சல் போகும். உள்ளே நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னணுச் சான்று வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இன்னார் இன்னார்தான் என்று முகத்தையும் அடையாள அட்டையையும் நேரில் பார்த்து ஓர் அதிகாரி டிக் அடிக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு அந்த அதிகாரி நான்.

ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வூதிய அலுவலகம் ஆண்டுதோறும் நான் உயிரோடு இருக்கிறேனா என்று விசாரிக்கிறது. இணையதளம் அதைக்கூட விசாரிக்கவில்லை. என் சான்றைத் தானே புதுப்பித்துக்கொண்டு, என்னை இன்னும் அதிகாரியாகவே வைத்திருந்தது. போன திங்கட்கிழமை அதனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கிரிட் கூட்டமைப்பையே மூடுகிறார்களாம். எங்கோ ஒரு நாட்டுச் சேமிப்புக் கிடங்கில் உரிமையாளர் இல்லாத கோப்புகள் கிடக்கின்றனவாம். நம் நேரப்படி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் உரியவர் புதுச் சான்று பெற்று எடுத்துக்கொள்ளாவிட்டால் அழித்துவிடுவார்களாம். உரியவர் பெயர் தெய்வானை. அடையாளம் பார்க்க வேண்டியவன் நான். காணொளி செல்லாது.

தெய்வானை என்னிடம் ஒப்பந்த ஆராய்ச்சியாளராக இருந்தவர். அவருடைய கோப்புகள் உரிமையாளர் இல்லாமல் போனதற்குக் காரணமும் நான்தான். அதை வழியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னோடு பஸ் ஏற மாட்டீர்கள்.

புதன்கிழமை காலை பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பதிவேட்டில் இருந்த அவருடைய ஒரே முகவரி அதுதான். கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்து என் தலையில் மிச்சமிருந்ததைக் கலைத்தது. எல்லை தாண்டிவிட்டதை நான் தேநீர்க் கடையில் கண்டுகொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் போண்டா போய்க் கேரளத்துப் பழம்பொரி வந்திருந்தது. பக்கத்து பெஞ்சில் இருவர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "பருவமழை வந்துவிட்டது என்கிறார்களே, எங்கே?" என்றார். மற்றவர், "செய்தியில் பெய்துகொண்டிருக்கிறது" என்றார். நாற்பது ஆண்டு அந்தத் தொழிலில் இருந்தவன் பழம்பொரியை மட்டும் பார்த்துச் சாப்பிட்டேன்.

கடைக்காரரிடம் தெய்வானை வீட்டுக்கு வழி கேட்டேன்.

"அந்தத் தென்னந்தோப்புக்குள்ள நேராப் போங்க. நாய் இருக்கும், கொரைக்கும், கடிக்காதுங்க. அவங்கண்ணன் பழனிச்சாமி இருப்பாரு. அவரு கொரைக்க மாட்டாரு."

பழனிச்சாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் மோட்டார் கழற்றும் சாவி. "ஏனுங்க, ஆபீஸ்ல இருந்துங்களா?" என்றார். தெய்வானையின் பழைய ஆபீஸ் என்றேன். பெயரைச் சொன்னேன். பதவியைச் சொல்லவில்லை. "தங்கச்சி இங்க இல்லீங்களே. அவ ஊட்டுக்காரரு கரண்டாபீசுங்க, சித்திரபுரத்துல குவாட்டர்ஸ். அவ அங்கயே தேயிலப் பேக்டரில வேல பாக்கறா. மொதல்ல சாப்புடுங்க, பொறவு பேசிக்கலாம்."

சென்னையில் என் அடுக்ககத்துக்கு அறிமுகமில்லாதவர் வந்தால் காவலாளி பெயர், வந்த காரணம், வந்த நேரம் மூன்றையும் எழுதி வாங்குவார். அதன் பிறகும் சந்தேகமாகவே பார்ப்பார். இங்கே இலை போட்டார்கள். அரிசியும் பருப்புஞ் சோறு, மேலே நெய், பக்கத்தில் கத்தரிக்காய், கெட்டித் தயிர். பழனிச்சாமி எதிரே உட்கார்ந்து பேசினார்.

"எங்கப்பன் முப்பது வருசம் மழயளந்தாருங்க. தோட்டத்துல மழமானி வெச்சு, தெனமும் காத்தால எட்டரைக்கு. பேஞ்சாலும் நோட்டுல எழுதுவாரு, பேயாட்டியும் எழுதுவாரு. இந்த ஊர்ல பேயாத நாளுதானுங்க ஜாஸ்தி. அத என்னத்துக்குங்கப்பா எழுதறீங்கன்னா, பேயலங்கறதும் கணக்குதாண்டாம்பாரு."

"அந்த நோட்டுகள் இருக்கின்றனவா?"

"கரையான் தின்னுருச்சுங்க. தெய்வான அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா. ஒலகத்துல அஞ்சாறு பக்கம் காப்பி இருக்கும், இனி அழியவே அழியாது, காயிதத்த நம்பாதீங்கன்னு அவுங்க பெரிய ஆபீசர் சொன்னாராமா. நாங்களும் நம்பி நோட்டத் தூக்கிச் சாளக் கொட்டாயில போட்டுட்டோம்."

பயிற்சி வகுப்பில் அதைச் சொன்ன பெரிய ஆபீசர் நான். காகிதத்தைப் பற்றிய வாக்கியத்துக்கு அன்று கைதட்டல்கூடக் கிடைத்தது.

"பொறவு பாத்தா, அவ சீட்டப் புதுப்பிக்கலீன்னு உள்ளயே உடலியாமா. கேட்டா, நாங்க கேட்டோம், அந்தப் புள்ள பதிலே போடலைன்னு எழுதி வெச்சுட்டாங்களாமா. வேலையும் போச்சு. எங்கப்பன் கடைசி வரைக்கும், எம்பட மழையெல்லாம் எங்கடான்னு கேட்டுட்டே இருந்தாருங்க. அப்படியே போய்ச் சேந்துட்டாரு. அந்த ஆபீசர் மட்டும் கையில கெடச்சாருன்னா ஒரே ஒரு வார்த்த கேக்கோணும்."

"என்ன கேட்பீர்கள்?"

"அத அவருகிட்டத்தானுங்க கேக்கோணும்."

நான் இன்னும் கொஞ்சம் பருப்புஞ் சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை. தங்கைக்குப் போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வராதீர்கள் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

வியாழக்கிழமை உடுமலையிலிருந்து மூணாறு பஸ். மறையூரைத் தாண்டியதும் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. நாற்பது வண்டிகள் நின்றன. சுற்றுலா வந்தவர்கள் இறங்கி விழுந்த மரத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சென்னைக் குடும்பம் ஒன்றில் தகப்பன், "சிக்னல் இல்லாத ஊருக்கு வந்தாத்தான் மனசுக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடினார். மூன்று மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. சொல்வதாக வாக்களித்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மழை வரைபடம் வெளியிட்டேன். அதில் தீர்க்கரேகையில் ஓர் எண்ணை மாற்றித் தட்டி, கோவிந்தாபுரத்தைக் கணவாயின் மேற்கே, மழை கொட்டும் பக்கத்தில் வைத்துவிட்டேன். கிரிட்டில் நூற்றுக்கணக்கான கணினிகள் பல நாள் உழைத்து என் தவற்றை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுத்தன. தெய்வானை பொதுப் பக்கத்தில், வரைபடத்துக்குக் கீழே, மரியாதையாக ஒரு குறிப்பு எழுதினார்: "எங்கள் ஊரில் இவ்வளவு மழை பெய்தால் என் அண்ணன் நான்காவது போர்வெல் ஏன் போடுகிறார்?" வழக்கம்போல முந்நூறு பேருக்கு மின்னஞ்சல் போயிற்று. பதினொரு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். எண்ணிப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த மாதம் அவருடைய சான்றுப் புதுப்பிப்பு என் பட்டியலில் வந்து நின்றது. நிராகரித்தால் காரணம் கேட்கும். அதனால் நிராகரிக்கவில்லை. திறக்காமல் விட்டேன். முப்பது நாளில் விண்ணப்பம் தானாகக் காலாவதியானது. அதன் பிறகு சான்று காலாவதியானது. அதன் பிறகு அவருடைய இடத்தைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். எங்கோ ஒரு கிடங்கில் ஒரு பிரதி தப்பிக் கிடந்தது எனக்கே இப்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் இயந்திரம் செய்தது. கடைசியில் மட்டும் காலாவதிக்குக் காரணம் என்ன என்று என்னைக் கேட்டது. கொடுத்திருந்த நான்கு காரணங்களில் "பயனர் பதிலளிக்கவில்லை" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கும் முந்நூறு மின்னஞ்சல். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கூட்டத்தில் அந்த வரியை யாரோ படித்துக் காட்டினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரத்தை அறுத்து நகர்த்தினார்கள். மூணாறில் அன்றிரவு கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. குற்ற உணர்வு பசியைக் கெடுக்கும் என்று எழுதுகிறவர்கள் அதை அனுபவித்தவர்கள் அல்லர்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் மழை. சித்திரபுரத்துக்கு ஜீப் ஓட்டிவந்த செல்லையா எஸ்டேட்டில் பிறந்தவர். பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம் என்றார், தான் ஒரு தடவைகூடப் போனதில்லையாம். "நேத்து ராவு மரக்கொம்பு விழுந்து லைனெல்லாம் போச்சுய்யா. மூணாறு வரைக்கும் கரண்டும் இல்ல, டவரும் இல்ல. குவாட்டர்ஸ்ல மெழுகுவத்திதான்" என்றார். மின்வாரியக் குடியிருப்புக்கும் மழைதான் மேலதிகாரி என்று நினைத்துக்கொண்டேன். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. ஆறு மணிக்கு முன்னால் இணையம் வேண்டும்.

தெய்வானை தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் இருந்தார். பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டும் இடம். ஜெனரேட்டரில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்வெட்டர் போட்டு, ஒரு கைப்பிடி இலையை அழுத்திப் பார்த்துவிட்டு விரித்துக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"வாங்க சார். அண்ணன் புதன்கெழமையே போன் பண்ணீட்டாங்க. பேரச் சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுதுங்க. அவருக்குத்தான் இன்னும் தெரியாது."

"உட்கார்ந்து பேசலாமா?"

"இன்னைக்கு ஈரம் ஜாஸ்திங்க, எல வாட நேரமாகும். நின்னுட்டே சொல்லுங்க."

கோப்புகளைப் பற்றி, ஆறு மணியைப் பற்றிச் சொன்னேன். பிறகு ரயிலில் மனப்பாடம் செய்து வந்த ஒப்புதல் வாக்குமூலத்தைத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் கையைக் காட்டினார்.

"தெரியுங்க சார். அந்த முப்பது நாளும் தெனம் ஒரு மெயில் வந்துது. உங்கள் விண்ணப்பம் அதிகாரியின் பார்வையில் உள்ளதுன்னு. அதிகாரி பக்கத்து ரூம்புலதான் டீ குடிச்சிட்டிருந்தாருங்க. நீங்க டீ உறிஞ்சற சத்தம் எனக்குக் கேக்கும். ரெண்டு தடவ கதவத் தட்டுனேன். மீட்டிங்னீங்க."

அன்று நாற்காலியில் இருந்தபடி கழுத்தைத் திருப்பியிருந்தால் முகம் பார்த்த கணக்கு முடிந்திருக்கும். அதற்குத்தான் இப்போது மூன்று நாளாக மூன்று பஸ்ஸும் ஒரு ஜீப்பும்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பாவோட கோப்பு அதுல இருக்குதுங்களா?"

"பட்டியலில் இருக்கிறது."

செல்லையா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போடிமெட்டுக்குப் போயிட்டா தமிழ்நாட்டு டவர் கெடைக்கும்க்கா. இப்பவே கெளம்புனாத்தான் உண்டு" என்றார். தெய்வானை வேறொருவரை இலைக்கு நிறுத்திவிட்டு, மடிக்கணினியை ஒரு தேயிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

மூணாறில் சுற்றுலா வண்டிகள் முக்கால் மணி நேரத்தைத் தின்றன. பூப்பாறைக்கு அருகே டயர் பஞ்சர். செல்லையா மாற்றுச் சக்கரத்தை எடுக்க, அதிலும் காற்று குறைவு. "இது ஸ்டெப்னி இல்லய்யா, ஆறுதல்" என்றபடி மாட்டினார். தெய்வானை மழையில் நின்று பிடித்துக் கொடுத்தார். நான் குடை பிடித்தேன், பெரும்பாலும் எனக்கு. போடிமெட்டில் மூடுபனிக்குள் ஒரு தேநீர்க் கடையைக் கண்டுபிடித்தபோது ஐந்தரை ஆகிவிட்டது. பழம்பொரி போய் மறுபடி போண்டா வந்திருந்தது. செல்லையாவின் கைப்பேசியில் சிக்னல் இரண்டு கோடு.

அதன் இணையத்தில் மடிக்கணினியில் படிவம் திறந்தது. முதல் கேள்வி, விண்ணப்பதாரரை நேரில் பார்த்தீர்களா. அந்தக் கட்டத்தில் வாழ்நாளில் எத்தனை முறை டிக் அடித்திருப்பேன் என்று தெரியாது. பாதிப் பேரை நான் பார்த்ததில்லை. வேண்டியவர்கள் சிபாரிசு செய்தால் பார்த்த மாதிரிதான். தினமும் பார்த்த ஒருவருக்குத்தான் அடிக்கவில்லை. இரண்டாவது, மூல அடையாள அட்டையைச் சரிபார்த்தீர்களா. மூன்றாவது, முந்தைய காலாவதிக்குக் காரணம். அங்கே பதினோரு ஆண்டுக்கு முந்தைய என் பதில் அப்படியே நின்றது: பயனர் பதிலளிக்கவில்லை. பக்கத்தில் "திருத்து" என்று ஒரு பொத்தான்.

அட்டைக்குக் கை நீட்டினேன். தெய்வானை அதைக் கொடுக்கவில்லை.

"மொதல்ல அத மாத்துங்க சார்."

"மாற்றினால் எல்லாருக்கும் மின்னஞ்சல் போகும்."

"அப்பவும் போச்சுங்களே."

"நேரம் இருபது நிமிடம்தான் இருக்கிறது. உன் அப்பாவின் கோப்பு."

"தெரியுங்க. எங்கப்பன் எழுதுனது நெசம். அத ஒரு பொய்க்கு அடியில இருந்து எடுத்துட்டுப் போக முடியாதுங்க. போனாப் போகட்டும்."

குரல் உயரவில்லை. அட்டையைத் தேயிலைப் பைக்குள் திரும்ப வைத்தார். நான் திருத்து என்பதை அழுத்தி, "நிர்வாகக் காரணங்களால் தாமதம்" என்று தட்டினேன்.

"நிர்வாகம்னா யாருங்க?"

அழித்துவிட்டு, "சான்று அதிகாரியின் கவனக்குறைவு" என்றேன்.

"கவனம் கொறவாவா இருந்துது? சிரிச்ச மூஞ்சியெல்லாம் எண்ணிட்டிருந்தீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

செல்லையா கண்ணாடித் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "ஆபீசுல வேல பாத்தவுகளுக்கு எம்புட்டு வார்த்த தெரிஞ்சிருக்கு" என்றார்.

மூன்றாவது முறை தட்டினேன். தமிழில் இப்படி வரும்: தெய்வானை உரிய காலத்தில் விண்ணப்பித்தார். என் பிழையை அவர் காட்டிய கோபத்தில் நான் வேண்டுமென்றே திறக்கவில்லை. பதிலளிக்கவில்லை என்று எழுதியது பொய். இதற்குப் பின்னால் ஆழ்ந்த வருத்தம், முதுமை, மனசாட்சி என்று ஒரு பத்தி மனத்தில் வைத்திருந்தேன். பெட்டி ஏற்க மறுத்தது. இருநூறு எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை. உண்மை சரியாக அடங்கியது, மன்னிப்புக்குத்தான் இடம் போதவில்லை.

"வெவரமான பெட்டிதான் போல" என்றார் செல்லையா.

அனுப்பினேன். முந்நூறு பேருக்குப் போயிற்று. தெய்வானை அட்டையைக் கொடுத்தார். படத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். விதி கேட்பதைவிடச் சற்று அதிக நேரம் பார்க்க வேண்டியிருந்தது. டிக் அடித்தேன். ஐந்து ஐம்பத்தொன்று. அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக அவர் பெயருக்கு மாறின. ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கடைசிப் பெயர் மாறியது.

அப்பாவின் கோப்பைத் திறந்தார். நாள், அதற்கு நேரே சுழி. மறுநாள், சுழி. செல்லையா எட்டிப் பார்த்தார். "என்னக்கா, முழுக்க முட்டையாவே இருக்கு. இதுக்கா இம்புட்டு ஓட்டம்?"

"எங்கூரு மழ அப்படித்தான் செல்லையா." துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே கீழே நகர்த்திப் போனார். ஓரிடத்தில் பன்னிரண்டு என்று ஓர் எண் வந்தபோது நிறுத்தி, விரலால் தொட்டார்.

என் கைப்பேசி அதிர்ந்தது. முந்நூறு பேரில் ஒருவர் பதில் அளித்திருந்தார். என் வாக்குமூலத்துக்குக் கீழே ஒரு கட்டைவிரல், மேல்நோக்கி. வேறு பதில் வரவில்லை. முகவரிகளில் பாதி செத்திருக்கும், மீதிப் பேர் வடிகட்டி வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

தெய்வானை அண்ணனுக்குப் போன் செய்தார். "ஏனுங்ணா, அப்பா கணக்கு கெடச்சிருச்சுங்ணா. எல்லாமே இருக்குதுங்." அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். பிறகு இவர், "ஆமாங்ணா, புதன்கெழம வந்தாங்களே, அவங்கதான். அந்த ஆபீசரும் அவங்கதானுங்ணா. இதா, குடுக்கறேன்" என்று என்னிடம் நீட்டினார்.

காதில் வைத்தேன். தென்னந்தோப்பில் காற்று அடிக்கும் ஓசை கேட்டது.

"ஏனுங்க," என்றார் பழனிச்சாமி. "ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே."

"ஆமாம்."

"நாந்தான் அந்த ஆபீசருன்னு நீங்க அப்பவே சொல்லியிருந்தாலும் சோறு போட்டுட்டுத்தானுங்க கேட்டிருப்பேன்."

"இப்போது கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை."

"போன்ல கேக்கறதில்லீங்க. நேர்ல வாங்க."

வைத்துவிட்டார். போடிக்கு இறங்கும் பஸ் பனிக்குள்ளிருந்து வந்து நின்றது. செல்லையா என் பையைத் தூக்கினார். கோவிந்தாபுரத்துக்கு எந்தப் பக்கம் போனால் பக்கம் என்று அவரிடம் கேட்டேன். மலையை ஒரு தடவை, இறக்கத்தை ஒரு தடவை பார்த்தார்.

"எப்படிப் போனாலும் சுத்துதான்யா" என்றார்.